கமிஷன் ஒழித்த ராதமேஸ்

இனிமேல் செத்தாலும் ஒரு சென்ட் கமிஷன் கட்டுவதில்லை என்று ராதமேஸ் சபதம் எடுத்தபோது, அவன் வாய் நிறைய வாழைக்காய் மசியல். அதனால் முதல் பாதி அவன் மனைவி சுனில்டாவுக்குப் புரியவில்லை. பதினெட்டு வருஷம் அந்த ஆளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இரண்டாம் பாதியே போதும்.

பொனாவோ ஊரில் கல்யாணம் காட்சி என்றால் குய்ரா வாசிக்க ராதமேஸ்தான் வரவேண்டும். தகரக் குழாயைக் கம்பி முள்ளால் சுரண்டுவார்களே, அதுதான் குய்ரா. இப்போது வெளிநாட்டு மாணவர்கள் ஆறு பேருக்குக் கைபேசி வழியாகச் சுரண்டக் கற்றுக்கொடுக்கிறான். பாடத்துக்குப் பத்து டாலர். பணம் வந்துசேரும் செயலி நூற்றுக்கு ஐந்து என்று அரை டாலரையும், வரவு ஒன்றுக்கு இவ்வளவு என்று இன்னொரு அரை டாலரையும் பிடித்துக்கொண்டு, மிச்சம் ஒன்பதைக் கையில் கொடுத்தது.

அந்த ஒரு டாலர் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. கிறிஸ்துமசுக்குள் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி வாங்குவதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான். வாங்காவிட்டால் எதிர்வீட்டில் டொமினோ கட்டை ஆடும் கோஷ்டி அவனைப் பிய்த்து எடுத்துவிடும்.

சுனில்டா நியாயம் சொல்லிப் பார்த்தாள். அவள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்துச் சீட்டு பிடிப்பவள். பிடிக்கிறவளுடைய பொறுப்புக்குக் கூலியாக முதல் சீட்டு அவளுக்கு என்பது ஊர் வழக்கம். "கடல் தாண்டிக் காசைப் பத்திரமா கொண்டாந்து சேக்கறவன் கூலி கேக்கமாட்டானா?" என்றாள். ராதமேஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. சொந்தக்காரர்களுக்குள் அன்பளிப்பாக அனுப்பினால் செயலியில் கமிஷன் கிடையாது. பொனாவோவில் பெட்டிக்கடைக்காரரிலிருந்து பஸ் டிரைவர்வரை எல்லாரும் எல்லாருக்கும் 'ப்ரிமோ', அதாவது ஒன்றுவிட்ட சகோதரன். ஆகவே அவன் மனசாட்சி துளியும் உறுத்தவில்லை. அன்பளிப்பு என்று குறித்து 'ப்ரிமோ ராதமேசுக்கு' என்று அனுப்பும்படி ஆறு பேருக்கும் சொல்லிவிட்டான்.

மூன்று வாரம் முழுப் பத்தும் வந்தது. நான்காம் வாரம் செயலிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. நார்வேயில் ஒரு சகோதரி, ஜப்பானில் ஒரு சகோதரன், போலந்தில் ஒன்று என்று ஆறு நாட்டு உறவுகளும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அதே பத்து டாலரை அன்பளிப்பதன் காரணம் என்ன, உறவுக்கு ஆதாரம் காட்டவும் என்று கேட்டிருந்தார்கள். எங்கே போவான் ஆதாரத்துக்கு? பணமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. கணக்கையும் மூடிவிட்டார்கள்.

சுனில்டா பலகாரம் சுட்டு விற்பதால் அதே செயலியில் வியாபாரக் கணக்கு வைத்திருந்தாள். ராதமேஸ் பூனை மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உன் கணக்குல வாங்கிக் குடேன்."

"அதுக்கென்ன, குடுக்கறேன். செயலிக்காரன் பிடிக்கறது போக எனக்கு நூத்துக்கு அஞ்சு."

"அடிப்பாவி, புருஷன்கிட்டயேவா?"

"புருஷன்னுதான் அஞ்சு. அது போக, வரவு ஒண்ணுக்கு ஒரு வேளைப் பாத்திரம் நீ கழுவணும்."

வேறு வழி? அந்த வாரம் ஆறு வரவு, ஆறு வேளைப் பாத்திரம். அடிப்பிடித்த சோற்றுச் சட்டியைத் தேய்த்துத் தேய்த்து அவன் மணிக்கட்டு வீங்கியது. ஏழாம் நாள்தான் மூளை வேலை செய்தது. வரவு ஒன்றுக்குத்தானே கூலி? வரவைக் குறைத்தால்? ஆறு பேரின் ஒரு மாதக் காசையும் நார்வேக்காரியிடம் சேர்க்கச் சொல்லி, அவள் கையால் ஒரே தடவையாக அனுப்ப வைத்தான். செயலியின் வரவுக் கூலியும் ஒரே அரை டாலரோடு போயிற்று. ராதமேஸ் சமையலறையில் ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தான்.

"வரவு ஒண்ணுதான். பாத்திரமும் ஒரு வேளைதான். சரியா?"

"ரொம்பச் சரி," என்றாள் சுனில்டா. அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

எந்த வேளை என்று அவன் கேட்டுவைக்கவில்லை. அவள் ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுத்தாள். சீட்டுக்காரிகள் பன்னிரண்டு பேரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து, கறியும் கிழங்கும் போட்ட சங்கோச்சோவை வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனார்கள். கொல்லையில் அண்டா நான்கு, சோற்றுச் சட்டி ஐந்து, தட்டுகள் எழுபதுக்கு மேல்.

"ஒரே வேளைதான், ராசா," என்றாள் சுனில்டா. "நீ வரவைச் சேத்து வாங்கினே, நான் பாத்திரத்தைச் சேத்து வச்சேன்."

அவன் முதல் சட்டியைச் சுரண்ட ஆரம்பித்ததும் எதிர்வீட்டு டொமினோ கோஷ்டியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ப்ரிமோ, பெட்டி வாங்கிட்டியாப்பா? சத்தம் தெரு முழுக்கக் கேக்குதே."