வெண்ணெய் அறிந்த நாக்கு

"கதவு மூட மாட்டேங்குது சார்," என்றார் குளிர்கிடங்குப் பொறுப்பாளர்.

"கீலுக்கு எண்ணெய் போடுங்க."

"கீல் நல்லாத்தான் இருக்கு. உள்ள வெண்ணெய்தான் ஜாஸ்தி. கடைசி வரிசைப் பெட்டி வெளியில எட்டிப் பாக்குது."

வெண்ணெய்த் தொழிற்சாலையின் விற்பனை மேலாளர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். பிரச்சினை வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு தீர்வைச் சொல்லிவிட்டுத்தான் திறப்பார். அதற்குள் பிரச்சினை கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

தொழிற்சாலையில் அவருக்கு 'நாக்கு சார்' என்று பெயர். "ஒரு துளி வெண்ணெயை நாக்குல வெச்சாப் போதும். மாடு பச்சைப் புல் தின்னுச்சா, வைக்கோல் தின்னுச்சா, கறக்க வந்தவனோட மனஸ்தாபமா, எல்லாத்தையும் சொல்லிடுவேன்" என்று அவரே தன்னைப் பற்றிப் பரப்பியிருந்தார். மாட்டிடம் போய் விசாரித்தவர் யாரும் இல்லாததால் அந்தப் புகழ் நிலைத்துவிட்டது. ஊழியர்கள் அவரைத் திட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் தயாராகும் பொருளின் பெயரும் அதுவேயாக இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று நாக்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் முதலாளியம்மா கூட்டம் போட்டார்.

"ஏன் விக்கல?"

கேள்வி இரண்டே சொல். பதில் மதியச் சாப்பாடு வரை போனது.

"எல்லாம் உலகச் சந்தையோட சக்திகள்ம்மா," என்று ஆரம்பித்தார் நாக்கு சார். எங்கோ ஒரு நாட்டில் நல்ல மழை. மழையால் புல், புல்லால் பால், பாலால் வெண்ணெய் வெள்ளம். இன்னொரு பக்கம், பால் பவுடர் தயாரிக்கிறவர்கள் கொழுப்பை மட்டும் தனியே பிரித்துச் சந்தையில் கொட்டுகிறார்கள். கப்பல் வாடகை இறங்கிவிட்டது. டாக்டர்கள் கொழுப்பு வேண்டாம் என்கிறார்கள். சினிமா நடிகர்கள் சட்டையைக் கழற்றி வயிற்றுக் கட்டுகளைக் காட்டுகிறார்கள். இப்படி மாடு முதல் நடிகர் வரை எல்லோரும் குற்றவாளிகளாகிவிட்டார்கள். விற்பனைப் பிரிவு மட்டும் தப்பியது.

"அப்புறம் இருக்கவே இருக்கு அந்த மார்ஜரின்," என்று கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "தாவர எண்ணெயை உறைய வெச்சு மஞ்சள் பூசி விக்கிறான். பெயிண்ட் கடைச் சரக்கு!"

"சரி, விலையைக் கொஞ்சம் குறைச்சிப் பாப்பமா?" என்றார் முதலாளியம்மா.

"ஐயோ, குறைச்சா மதிப்புப் போயிடும்மா. ஏத்தணும்."

"இதுவரைக்கும் ரெண்டு தடவை ஏத்தியாச்சே."

"எங்க வீட்டையே எடுத்துக்குங்க. ரெண்டு தடவை ஏத்தியும் எங்க மேஜையில வெண்ணெய் ஒரு கரண்டி குறைஞ்சிருக்கா? இல்ல! வெண்ணெய் தின்னு பழகின நாக்கு விலையைப் பாக்காதும்மா."

இதில் ஒரு கொள்கையும் இருந்தது. தொழிற்சாலையில் ஊழியர்களுக்கு மாதாமாதம் வெண்ணெய் இலவசமாகக் கொடுப்பது வழக்கம். அதை நிறுத்தியவர் நாக்கு சார்தான். நாமும் கடையில் காசு கொடுத்து வாங்கினால்தான் சந்தையின் நாடித் துடிப்பு புரியும் என்பது அவர் கட்சி. தன் வீட்டிலும் அதையே கடைப்பிடித்தார். வீட்டுச் செலவுக்கு மனைவியிடம் கொடுக்கும் தொகையை மட்டும் அவர் உயர்த்தவில்லை. விலைவாசியை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது இன்னொரு கொள்கை.

விலை ஏறியது. குளிர்கிடங்கில் இருந்த பெட்டிகள் நடைபாதைக்கு வந்தன. அங்கிருந்து கணக்குப் பிரிவுக்குள் நுழைந்தன. கணக்காளர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, குளிரூட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெண்ணெய்க்கு நடுவே பல் கிட்டிக்க உட்கார்ந்து நஷ்டக் கணக்கு எழுதினார்.

நாக்கு சார் மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை விளம்பரம் பிறந்தது.

தினமும் காலையில் தன் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுப்பார். தொழிற்சாலையின் வெள்ளி விழாவுக்குக் கொடுத்த டப்பா அது. மூடியில் ஒரு பசு கண்ணடிக்கும். கத்தியைத் தொட்டால் போதும், உள்ளே இருப்பது ரொட்டி முழுக்க வழுக்கிக்கொண்டு பரவும். இந்தப் பெருமையை ஊருக்குச் சொல்லாமல் விட்டோமே என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு, தெருவுக்குத் தெரு பலகை வைத்தார்: 'ஃப்ரிட்ஜிலிருந்து நேரே ரொட்டிக்கு! கத்தி தொட்டால் கரையும் வெண்ணெய்!'

ஒரே வாரத்தில் வாசலில் கூட்டம். வாங்க வந்த கூட்டம் என்று நாக்கு சார் சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். ஒவ்வொருவர் கையிலும் கிழிந்த ரொட்டி இருந்தது. ஒரு பெரியவர் வளைந்த கத்தியை நீட்டினார்.

"இது எங்க கல்யாணத்துக்கு வந்த கத்தி. கல்யாணம்கூட இன்னும் வளையல. உங்க வெண்ணெய் இதை வளைச்சிருச்சு."

நாக்கு சார் நேரே கடையும் கூடத்துக்குப் போனார். அந்தப் பிரிவின் தலைவி பொறியியல் படித்தவர். சூடான கேள்விக்கும் குளிர்ந்த பதில் சொல்வார்.

"ஏன் இவ்வளவு கெட்டியா வருது?"

"கோடை சார். மாடு காஞ்ச தீவனம் தின்னுது. கொழுப்பு கெட்டியாத்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ்ல வெச்சா செங்கல்லாத்தான் ஆகும். அரை மணி முன்னாடி வெளியில எடுத்து வெக்கணும்."

"எங்க வீட்ல மட்டும் எப்படி வழுக்கிட்டுப் போகுது?"

"உங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரா இருக்கும்."

இந்த அவமானத்தை நாக்கு சாரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துப் போனார். மெக்கானிக் உள்ளே கையை விட்டுப் பார்த்து, மரத்துப்போன விரல்களை ஊதிக்கொண்டே சான்றிதழ் கொடுத்தார்.

"ஃப்ரிட்ஜுக்கு ஒரு குறையும் இல்ல சார். வேற யாருக்கோதான் ஏதோ இருக்கு."

மறுநாள் தலைவியிடம் வந்து வெற்றியை அறிவித்தார். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ உங்களுக்கு மட்டும் எவனோ தனியாக் கடைஞ்சி குடுக்கிறான். உங்க கண்ணுல வெண்ணெய், எங்க எல்லார் கண்ணுலயும் சுண்ணாம்பு."

"நான் கடையில காசு குடுத்து வாங்குறவன்! வீணாப் பேசாதீங்க. க்ரீமைக் கொஞ்சம் சூடாக்கிக் கடைஞ்சா மெத்துன்னு வருமில்ல?"

"வரும். பாதிக் கொழுப்பு மோரோட போயிரும். மிச்சம் களிம்பு மாதிரி வரும்."

"களிம்பு மாதிரிதான் எனக்கு வேணும்."

கேட்டது கிடைத்தது. அந்த வார வெண்ணெய், பெட்டிக்குள் இருக்கப் பிடிக்காமல் மூலை வழியாகக் கசிந்தது. கடைகளில் பழைய கெட்டிச் சரக்கே விற்காமல் தேங்கிக் கிடந்ததால், புதுசெல்லாம் பேக்கரிக்குப் போனது. கழிவு மோர் ஓடிய சாக்கடையைச் சுற்றி ஊர்ப் பூனைகள் குடும்பத்தோடு குடியேறின. தொழிற்சாலையின் வெண்ணெயில் சரிபாதியை வாங்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர், கையில் ஒரு பஃபோடு முதலாளியம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

"மடிப்பு மடிப்பா எழும்ப வேண்டிய பஃபும்மா இது. செருப்பு மாதிரி வந்திருக்கு. நேத்து ஒருத்தர் ஜோடியாக் கேட்டார்."

அவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டு உட்கார்ந்தார். முதலாளியம்மா நாக்கு சாரை வரவழைத்தார்.

"நம்ம மாட்டுத் தீவனப் பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு," என்றார் மென்மையாக. "புண்ணாக்கைச் சுவை பாக்க இதுவரைக்கும் அங்க ஆள் இல்ல. திங்கட்கிழமை போய் உக்காருங்க."

நாக்கு சாருக்கு நாக்கு வறண்டது. தாழி உடையும் சத்தம் காதில் கேட்டது. கண்ணை மூடினார். திறந்தார்.

"அம்மா, ஒரே ஒரு சந்தர்ப்பம் குடுங்க. நாளைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு டிபனுக்கு வரணும். என் ஃப்ரிட்ஜ், என் டப்பா, நம்ம வெண்ணெய். உங்க கையாலேயே தடவிப் பாருங்க. அது வழுக்கலைன்னா நானே புண்ணாக்கு மூட்டை தூக்கிட்டுப் போறேன்."

மூட்டை தூக்கும் காட்சியைப் பார்க்கும் ஆசையில் முதலாளியம்மா சம்மதித்தார். டிபன் இலவசம் என்பதால் பேக்கரிக்காரரும் சம்மதித்தார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"முட்டை பண்ணிடறேன். தேன் இருக்கு. நல்ல ஜாம் ஒண்ணு..."

"ஒண்ணும் வேண்டாம். ரொட்டி, வெண்ணெய். அவ்வளவுதான்."

"வெறும் வெண்ணெயை வெச்சா மரியாதையா இருக்குமா? அடுத்த மாசம் கூப்பிடுங்களேன். திரைச்சீலையெல்லாம் வேற அழுக்கா இருக்கு."

"என் வேலையே திரை விழற நிலைமையில இருக்கு. நீ திரைச்சீலையைப் பேசு!"

மனைவி தன் அப்பாவைப் பார்த்தாள். மாமனார் பேப்பருக்குப் பின்னால் லேசாக இருமினார். ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு வந்துவிட்டவர் அவர். 'மாப்பிள்ளை பேசும்போது நாம் எதற்கு' என்ற தத்துவத்தில் வாழ்ந்தார். மாப்பிள்ளை எப்போதும் பேசிக்கொண்டே இருந்ததால், ரொட்டி தின்ன மட்டும் வாயைத் திறப்பார்.

காலையில் அவர் என்றும் இல்லாத அதிசயமாக நடைப்பயிற்சி போய்விட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். "நல்லதுதான், உடம்புக்கு ஆகும்," என்று நாக்கு சார் அதையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

விருந்தாளிகள் வந்தார்கள். மேஜையில் ரொட்டி. நாக்கு சார் ஃப்ரிட்ஜைத் திறந்து, குழந்தையைத் தூக்குவதுபோல டப்பாவை ஏந்தி வந்து வைத்தார். மூடியில் பசு கண்ணடித்தது.

"அழுத்தவே வேண்டாம்மா. சும்மா தொடுங்க."

முதலாளியம்மா தொட்டார். டங் என்று சத்தம் வந்தது.

பேக்கரிக்காரர் கத்தியை வாங்கி ஒரு கட்டியைப் பெயர்த்து ரொட்டியில் தேய்த்தார். ரொட்டி நடுவே கிழிந்து, ஓட்டை வழியாக மேஜைவிரிப்பு தெரிந்தது.

"குடுங்க இப்படி!" நாக்கு சார் எழுந்து நின்று முழுப் பலத்தோடு அழுத்தினார். கட்டி துள்ளிப் பறந்து, பேக்கரிக்காரரின் சட்டைப்பையில் சரியாக விழுந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நாக்கு சார் வியர்வையைத் துடைத்தார். இனி நாக்கு ஒன்றுதான் துணை. கத்திமுனையில் கொஞ்சம் எடுத்து வைத்தார். சப்பினார். முகம் சுருங்கியது. கைக்குட்டையில் துப்பினார்.

"அம்மா... இது நம்ம வெண்ணெய் இல்ல!"

"என்னது?"

"போலி! யாரோ நம்ம பேர்ல போலிச் சரக்கு விடுறான். சாப்பிட்டுப் பாருங்க, அண்ணாக்குல ஒட்டுது. ஒரு மாதிரி கனமா இருக்கு. போதாததுக்குப் பால் வாடை வேற அடிக்குது!"

முதலாளியம்மாவின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"அப்போ வளைஞ்ச கத்தி, கிழிஞ்ச ரொட்டி எல்லாம்..."

"போலிம்மா! நம்ம விற்பனை ஏன் விழுந்துச்சுன்னு இப்பப் புரியுதா? விலையாலயும் இல்ல, விளம்பரத்தாலயும் இல்ல. ஊர் பூரா இந்த விஷத்தை விக்கிறான்!"

"என் பஃப்?" என்றார் பேக்கரிக்காரர், சட்டைப்பையிலிருந்து கட்டியைத் தோண்டிக்கொண்டே.

"அதுவும் போலிதான். சந்தேகமே வேண்டாம்."

"அடப்பாவிகளா! நான் அநியாயமா உங்களைத் திட்டிட்டேனே. நாளையிலேர்ந்து பழைய ஆர்டரை அப்படியே அனுப்புங்க சார்."

முதலாளியம்மா எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது.

"உங்களைப் போய் புண்ணாக்குக்கு அனுப்பப் பார்த்தேனே! ஒரே ஒரு துளி... வாயில வெச்ச உடனே கண்டுபிடிச்சிட்டீங்க. இந்த நாக்குக்குக் கம்பெனி செலவுல இன்ஷூரன்ஸ் எடுக்கணும். முதல்ல போலீஸைக் கூப்பிடுங்க."

நாக்கு சார் கம்பீரமாகத் தொலைபேசியை எடுத்தார்.

"ஏங்க, கொஞ்சம் இருங்களேன்," என்று மனைவி ஓடி வந்தாள்.

"நீ சும்மா இரு. எந்தக் கடையில வாங்கினேன்னு மட்டும் சொல்லு. அந்தக் கடைக்காரன், அவனுக்குக் குடுத்தவன், டப்பாவுல போட்டவன், ஒருத்தரையும் விடப்போறதில்ல!"

அவர் எண்களை அழுத்தத் தொடங்கியதும், பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"போலீஸ் வந்தா என் பொண்ணைத்தான் புடிச்சிட்டுப் போவாங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "இது உங்க கம்பெனி வெண்ணெய்தான், காலையில நானே போய் வாங்கிட்டு வந்தேன், நீங்க முதல் தடவை விலை ஏத்தின நாள்லேர்ந்து நேத்து வரைக்கும் இந்த டப்பாவுல இருந்ததுதான் மார்ஜரின்."