மீன் குழம்புக்கு உப்புப் பார்த்த கதை

பத்திரிகையில் வரும் புத்திமதியைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போகிறவளைக் கட்டிப்போட வேண்டும். என்னைக் கட்டிப்போட அன்று ஆளில்லை.

வெள்ளைக்காரன் காலம். மலாய் நாட்டில், கிளேபாங்கில் பிறந்த என்னைக் காஜா பேராங் பக்கத்துக் கம்போங் செட்டி என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் சாமி நம் சாமி, பேச்சு மலாய். (இங்கே தமிழில் எழுதுகிறேன்.) மூன்று மாதமாக எனக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான். அடுப்பை மாமியார் விடவில்லை. போகிக்கு முதல் நாள் சொன்னார்: "நாளைக்குப் படையல் ஒழுங்கா முடியட்டும். அப்புறம் அடுப்பு உன்னோடது."

போகியன்று இறந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அவர்கள் சாப்பிடும்வரை யாரும் அதில் வாய் வைக்கக்கூடாது. சமைத்தவர்கூட உப்புப் பார்க்கக்கூடாது. மாமியார் எல்லாவற்றையும் சமைத்து மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

"நீ ருசி பாக்காதே. பிள்ளைங்க கத்தாம இருக்கணும்."

நாத்தனார் பிள்ளைகள் மூன்று பேர். கத்தினார்கள். சிறுபிள்ளைகளின் கண்ணைக் கட்டி, நாக்கில் ஒவ்வொன்றாக வைத்து ருசியின் பெயரைச் சொல்லவைத்தால் அறிவு வளரும் என்று மதராஸ் பத்திரிகை ஒன்று எழுதியிருந்தது. கட்டினேன். சர்க்கரை வைத்தேன். "மானிஸ்!" புளி வைத்தேன். "மாசாம்!" உப்பு வைத்தேன். "மாசின்!" துப்பினார்கள்.

எல்லா ருசியும் சேர்ந்தது ஒன்று கடைசியில் தர வேண்டுமாம். பக்கத்தில் மீன் குழம்புச் சட்டி. திறந்தேன். நான் ருசி பார்க்கவில்லை, பிள்ளைகள்தான் பார்த்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நாலு வயது முத்து நாக்கைச் சுழற்றினான். "உப்பு பத்தாது, மாமி."

அரைக் கரண்டி போட்டேன்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டேன். (அவன் சொல்லைத்தான் நம்ப வேண்டும். நான் பார்க்கக்கூடாதே.)

இலைகளில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தோம். உள்ளே பெரியவர்கள் சாப்பிடும் நேரம். சொந்தக்காரர்கள் இருபது பேர், ஒருவரும் இருமவில்லை. முத்து கேட்டான்: "பாட்டி, அவங்களுக்கு உப்பு சரியா இருக்குமா?"

"என்ன உப்புடா?"

"மாமி கண்ணைக் கட்டி ஊட்டினாங்க. நான் சொல்லித்தான் உப்புப் போட்டாங்க."

"அலாமா!" என்று மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நான் ருசி பாக்கலை, அத்தை" என்றேன். என் வாயிலிருந்து வந்த ஆக மட்டமான பேச்சு அதுதான்.

"பூனையை ஏன் விட்டுவச்சே? அதையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே!"

அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி சமைத்தார்கள். பெரியவர்கள் பொழுது சாயும்போதுதான் சாப்பிட்டார்கள். "புது மருமக, மன்னிச்சுக்குங்க" என்று மாமியார் மூடிய கதவிடம் சொன்னார். என் பக்கம் கழுவாத பாத்திரங்களைத் தள்ளினார்.

அடுப்பு நாலு வருஷம் கழித்துக் கிடைத்தது. போகி அடுப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது அந்த வீட்டுக்கு மூத்தவள் நான்தான். இருந்தாலும் போகியன்று சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும்போது என்னையும் சேர்த்து அனுப்புகிறார்கள். "மாமி பள்ளிக்கூடம் கிளம்பிடுச்சா?" என்று கேட்ட பிறகுதான் நெருப்பே பற்றவைக்கிறார்கள்.

போன போகிக்கு, படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தலை நரைத்த முத்து ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தான்.

"இப்பச் சொல்லலாம்தானே, மாமி? உப்பு பத்தாது."