கியர்பாக்ஸ் அக்கா பிடுங்கி வைத்த சாவி

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டே வகை. கியர்பாக்ஸ் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள் ஒரு வகை. இனிமேல் வாங்கப் போகிறவர்கள் மறு வகை. மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், அவர் பஸ்ஸில் போகிறவர்.

அக்காவின் பெயர் யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவரின் மகள் என்பது மட்டும் தெரியும். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் பட்டறை. ஐம்பது வயது, ஆண்பிள்ளைச் சட்டை, கொண்டையில் தவறாமல் ஒரு முழம் மல்லிகை. கியர் எண்ணெயும் மல்லிகையும் கலந்த வாசனை தெருமுனைக்கே வந்து நம்மை வரவேற்கும்.

மற்ற பட்டறைகளில் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். அக்கா காரைத் தொடவே மாட்டார். "செருப்பக் கழட்டிட்டு ஓட்டு, பாப்போம்" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கார் தானாகக் கெடுவதில்லை, ஆள்தான் கெடுக்கிறான் என்பது அவர் கட்சி.

ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். கையால் கியர் மாற்றும் பழைய கார். மூன்றாம் கியர் போட்டால் நிற்காமல் வெளியே துள்ளிவிடும். அக்கா பாசார் சந்தை வரை கூடப் போய்வந்து தீர்ப்புச் சொன்னார்.

"சார், கியர மாத்துனப்புறமும் எடது கைய அது மேலயே வச்சி அழுத்துறீங்க. உள்ள கியரத் தள்ளுற கவட்டை தேஞ்சி போச்சி. நான் புதுசு போட்டுத் தரேன். ஒங்க கைக்கு யாரு போடுறது?"

காரைத் திருப்பிக் கொடுத்தபோது கூடவே ஓர் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார். ஒரு வாரம் அதை இடது கையில் வைத்தபடி ஓட்ட வேண்டும். கியர் மாற்றும்போது மட்டும் மடியில் வைக்கலாம். ஊருக்கே பாடம் எடுத்தவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் செய்தி பரவிற்று, சார் எங்கேயோ சக்திவாய்ந்த பழம் மந்திரித்து வாங்கியிருக்கிறார் என்று. அந்த மாதம் பழத்தோடு கார் ஓட்டிய நான்கு பேரை நானே பார்த்தேன். அதில் ஒருவருடையது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோ கியர்.

என் கதைக்கு வருகிறேன். என்னுடையதும் ஆட்டோதான். கியரை 'டி'யில் போட்டால் மூன்று விநாடி யோசித்துவிட்டு, முதுகில் ஒரு குத்து விட்டுக் கிளம்பும். எனக்கோ அவசரம். என்னுடன் பிறந்தவளின் மகள் மலருக்குப் பத்து நாளில் கல்யாணம். அப்பா இல்லாத பிள்ளை. "மாமா காடியிலதான் மண்டபத்துக்குப் போவேன்" என்று என் காரைக் காட்டிச் சொல்லிவிட்டாள். வீடு மலைப்பக்கம் உலு யாமில், மண்டபம் கோலா சிலாங்கூரில். தாய்மாமன் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ராணி மாதிரி கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அக்கா கியர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு விட்டார். சிவப்பாக இருக்க வேண்டியது கடுங்காப்பியாகக் கறுத்திருந்தது.

"மோந்து பாரு."

"கருவாடு தீஞ்ச மாதிரி இருக்குக்கா."

"எறக்கத்துல ஃப்ரீ கியர் போட்டு உருட்டுவியா?"

"சேச்சே! நானா?"

பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கமெல்லாம் ஃப்ரீ கியரில், அதாவது நியூட்ரலில், உருட்டிப் போவது நம் ஊர்க்காரர்களின் பிறவிக் குணம். அப்போது ஆட்டோ கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் சரியாகப் பாயாது, உள்ளே இருக்கும் தட்டுகள் காயும் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அக்கா என்னை ஓட்டச் சொன்னார். பாலத்தில் ஏறினேன். இறக்கம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் செய்யவில்லை. என் இடது கை தானாகப் போய் ஃப்ரீ கியர் போட்டது.

அக்கா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தபடி, "சேச்சே, நீயா?" என்றார்.

"எண்ணெய மட்டும் மாத்திக் குடுங்கக்கா. கல்யாணத்துக்கு ஓடுனாப் போதும்."

"தட்டெல்லாம் தீஞ்சி கெடக்கு. இதுல புது எண்ணெய ஊத்துனா இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போயிரும். பொண்ண நடுரோட்டுல எறக்கி விடுவியா? வேற காடி பாருலா."

மலர் கேட்டதைச் சொன்னேன். அப்பா இல்லாத பிள்ளை என்பதையும் சொன்னேன். அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, கியர்ப் பெட்டிய எறக்குறேன்" என்றார்.

எட்டு நாள் வேலை. வாசலில் நான்கு கார்கள் காத்துக் கிடக்க, அக்கா என் பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை மாற்றினார். தூசி ஒன்று உள்ளே போனாலும் பாழ் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பக் கோத்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் கார் அலுங்காமல் குலுங்காமல் கிளம்பியது.

"பாலத்துல ஒரு தடவ ஏறி எறங்கு" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். இவ்வளவுதானே! ஏறினேன். இறங்கினேன். பாழாய்ப்போன கை மறுபடியும் ஃப்ரீ கியருக்குப் போய்விட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் அக்கா சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உலு யாம் ரோட்டுல எத்தன எறக்கம் இருக்கு? காடி ரெடி. நீ ரெடி இல்ல."

கெஞ்சினேன். சாமிமேல் சத்தியம் செய்தேன். கோபித்தும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"பொண்ணு வீடு எங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. காலைல காடி வாசல்ல நிக்கும்."

மறுநாள் காலை, மாலை சுற்றிய என் கார் உலு யாம் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பட்டுச் சேலையில் அக்கா இறங்கினார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. "தாய்மாமன் பின்னால ஏறு" என்றார். ஏறினேன். வேறு வழி?

இறக்கங்களில் கார் மெத்தென்று இறங்கியது. மலர் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். பாதி வழியில் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்பா இருந்திருந்தா முன்னால ஒக்காந்திருப்பாருல்ல மாமா" என்றாள். அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அக்கா கண்ணாடியில் பார்த்தார்.

"அப்படியே வச்சிரு தம்பி. எடுக்காத."

மண்டபம் வரை எடுக்கவில்லை. நான் ஓட்டியிருந்தால் அந்தக் கையை யார் பிடித்திருப்பார்கள் என்று நினைத்தபோது, சாவி போன கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, "டிரைவர் அம்மாவுக்குச் சாப்பாடு எங்க போடச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"அவங்க எங்க அக்காங்க" என்றேன். "குடும்பத்தோட, மொதப் பந்தியில."