ஒரு டம்ளர் ஜாஸ்தி

கடலூர் முதுநகர்,
புரட்டாசி 6, திங்கட்கிழமை.

கிள்ளையில் ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கும் மச்சான் திரு. அருள்முருகன் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் அஞ்சம்மாளின் வீட்டுக்காரன் சக்கரபாணி எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டாரும், பட்டறையில் கவிழ்த்து வைத்திருக்கும் படகுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம், அக்காள் நலம், கார் நலம். கார் நிற்கும் தரை மட்டும் நலமில்லை. அதன் பொருட்டே இக்கடிதம். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை உங்கள் எண்ணை அழுத்தினேன். மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதியே பிழைத்தவனுக்கு எழுதத்தான் வரும்.

விஷயம் இதுதான். மகள் மோகனப்பிரியா எங்களுக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்தாள் அல்லவா, அதற்கு வாசலை ஒட்டி ஒரு ஷெட்டு போட்டேன். இந்த ஊர் உப்புக் காற்றுக்கும் மழைக்கும் சிமெண்டுத் தரை இரண்டே வருடத்தில் மாவாக உதிர ஆரம்பித்தது. அந்த மாவு வீட்டுக்குள் வர, உங்கள் அக்காள் காலையும் மாலையும் கூட்ட, கூட்டியதில் இருமல் வர, அந்த இருமலை இரவெல்லாம் நான் கேட்க, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் பத்து நாள் தஞ்சாவூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் தரைக்கு எபாக்சி என்கிற பிசின் பூச்சுப் பூசி, கண்ணாடி மாதிரி ஆக்கி, அவள் திரும்பி வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பெயிண்ட் கடை இளவரசு நல்ல பையன். "சார், பெரிய டின்னுல இருக்கிறது ரெசின், சின்ன டின்னுல இருக்கிறது அதை இறுக வைக்கிற ஹார்டனர். ரெண்டுக்கு ஒண்ணு. தராசுல வச்சுக் கலங்க, கண்ணால அளக்காதீங்க. உள்ள தாளு இருக்கு, படிச்சிட்டு ஆரம்பிங்க" என்றான். ஊரார் பத்திரத்தையெல்லாம் வரி விடாமல் படித்த நான், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தாளைப் படிக்காமல் விட்டேன். தரையை ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன், மேலே காய்ந்தது போலத் தெரிந்தது, போதும் என்று பகல் பதினொரு மணி வெயிலில் வாளியை எடுத்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கம் மேகம் கறுத்தது. மழை வருவதற்குள் காயட்டுமே என்று ஹார்டனரை ஒரு டம்ளர் ஜாஸ்தி ஊற்றினேன். கிளற எதுவும் கிடைக்காமல், அக்காள் களி கிண்டும் துடுப்பை எடுத்தேன். பத்துச் சுற்றுச் சுற்றினேன். போன் அடித்தது. அக்காள்தான்.

"என்னா செய்றீங்க?"

"சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"மூச்சு வாங்குதே?"

"பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கேன்."

"பேப்பர் படிச்சா மூச்சு வாங்குமா? மாத்திரை போட்டீங்களா இல்லியா?"

மாத்திரையில் தொடங்கி, மாப்பிள்ளைக்குச் சளி பிடித்தது, அங்கே மீன் விற்கும் விலை என்று இருபது நிமிடம் பேசினாள். அவள் பேச்சை நடுவில் வெட்டியவன் இல்லை நான். திரும்பிப் பார்த்தால் வாளியிலிருந்து புகை வருகிறது. தொட்டேன், அடுப்பு மாதிரி சுட்டது. வாளியின் அடி நெளிந்து போயிற்று. உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது, கல்லின் நடுவே துடுப்பு நட்டுவைத்த கம்பம் போல நின்றது. இழுத்தேன், வாளியோடு வந்தது. இன்றும் அது வாளியோடுதான் இருக்கிறது.

மீதியிருந்ததை இன்னொரு வாளியில், இன்னும் அவசரமாகக் கலந்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தரையில் ஊற்றி இழுத்தேன். பாதித் தரை ஆனதும்தான் நான் சுவர்ப் பக்கம் நிற்கிறேன், வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்தது. நடந்தேன். இடது செருப்பு நின்றுவிட்டது. இரண்டடி தள்ளி வலது செருப்பும் நின்றுவிட்டது. வெறுங்காலோடு வெளியே வந்து சேர்ந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பட்டம்மாளின் கோழி உள்ளே போனது. கோழி பிழைத்துவிட்டது, இறகுகள் சில பிழைக்கவில்லை. பட்டம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணே, கோயிலுக்கு எதுனா வேண்டுதலா?" என்று கேட்டார்.

மறுநாள் விடிந்து பார்த்தால் ஒரு மூலை கண்ணாடி, ஒரு மூலை அல்வா, நடுவில் அம்மை போட்டது போலக் கொப்புளம். மூன்று நாள் மின்விசிறி வைத்துப் பார்த்தேன், அல்வா அல்வாவாகவே இருந்தது. நான்காம் நாள் மாலை, ஒரு நாள் முன்னதாகவே உங்கள் அக்காள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டது இப்படியல்ல. பையை வைத்தாள், மோந்து பார்த்தாள், குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் தரையை அழுத்தினாள்.

"எத்தினி பங்கு ஊத்துனீங்க?"

"கொஞ்சம் ஜாஸ்தி."

"இது படகுக்குப் பூசுற ரெசின் இல்லீங்க. அதுக்கு ஹார்டனரைச் சொட்டுக் கணக்குல கூட்டலாம், கொறைக்கலாம். இதுக்குப் பங்கு பங்குதான். ஜாஸ்தி ஊத்துனா தரையில சீக்கிரம் காயாது, கொழகொழன்னே நின்னுடும். வாளியில கல்லானது, மொத்தமா வச்சிருந்ததுல ஏறுன சூடு. ஓரத்தை வழிச்சு வேற ஊத்தியிருக்கீங்க. அது கலக்காத சரக்கு. தரையில அடி ஈரம் வேற இருக்கு."

"இதெல்லாம் ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பட்டறையில நான்தான் கலந்து குடுப்பேன். இப்பத் தம்பி ஐஸ் பொட்டிக்குள்ள பூசுறது இதுதான். தெனம் போன்ல சொல்லுவான்."

மச்சான், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். இதை நான் கேட்டதே இல்லை. நீங்கள் தினம் பேசுவதும் எனக்குத் தெரியாது. அவள் மாடியில் துணி காயப்போடும் நேரம் ஏன் இவ்வளவு நீள்கிறது என்று மட்டும் யோசித்திருக்கிறேன்.

இனி நீ என்றே எழுதுகிறேன், நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை. மோகனப்பிரியா கல்யாணத்தன்று சிதம்பரம் மண்டபத்து வாசலில் நீ சந்தனக் கிண்ணத்தோடு நின்றாய். எங்கள் ஆபீசர் பக்கத்தில் இருக்க, "மொதல்ல கையக் கழுவிட்டு வா, படகு ஒட்டுற கையோட மாப்பிள்ளை வூட்டுக்காரங்களுக்குச் சந்தனம் குடுக்காத" என்றேன். நீ கிண்ணத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனவன், இரண்டு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை. அக்காள் இதுபற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். இப்போது என் இரண்டு கையிலும் நாலு நாளாக அதே கறை இருக்கிறது. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், எதற்கும் போகவில்லை. நீ அன்று கையைக் கழுவாமல் வரவில்லை, கழுவியும் கறை போகாமல் வந்திருக்கிறாய். இது எனக்குப் புரிய ஒரு தரையே கெட வேண்டியிருந்தது. என்னை மன்னித்துக்கொள்.

ஆகவே என் வேண்டுகோள்: வருகிற ஞாயிற்றுக்கிழமை தேய்க்கிற மிஷினை எடுத்துக்கொண்டு வந்து, இந்தத் தரையைச் சுரண்டி எடுத்து, முறையாகக் கலந்து பூசித் தர வேண்டும். உன்னை விட்டால் இதைச் செய்ய ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். உன் படகுகள் எந்த அலைக்கும் வாய் பிளக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
சக்கரபாணி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் போடத் தைரியம் வராமல் பதினைந்து நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். அதற்குள் தரை வேலை முடிந்துவிட்டது. அக்காள்தான் முடித்தாள். அல்வாவைத் தகட்டால் சுரண்டித் தின்னர் போட்டுத் துடைத்தாள், கொப்புளத்தையெல்லாம் தேய்த்து எடுத்தாள். தரையில் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, அடியில் முத்து முத்தாக வேர்த்திருக்கிறதா என்று தினம் காலையில் பார்த்தாள். வேர்க்காத நாள் வந்ததும், வெயில் ஏறுமுன் உட்கார்ந்து, சமையல் தராசில் இரண்டையும் நிறுத்து, மூன்று நிமிடம் நிதானமாகக் கிளறி, வேறு வாளிக்கு மாற்றி மறுபடி கிளறி, வாளியில் ஒரு நிமிடம்கூட வைக்காமல் தரையில் கொட்டி இழுத்தாள். எனக்கு அவள் கொடுத்த வேலை, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது. செய்தேன். தரை இப்போது ஜம்மென்று இருக்கிறது. ஆகவே மிஷின் வேண்டாம், உனக்கு இங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. வேலை இருந்தால்தான் வருவேன் என்றால் சொல், நானே கொஞ்சம் கலந்து மாடிப்படியில் ஊற்றி வைக்கிறேன்.