லிஃப்ட் பற்றிய பிழையற்ற கடிதம்

உலகத்தில் எத்தனையோ அலுவலகங்கள் இருக்கலாம். ஆனால் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'ஆஃப்' வருமா, 'ஃபார்' வருமா என்று தீர விசாரிக்காமல் ஒரு காகிதத்தையும் வெளியே விடாத அலுவலகம் எங்களுடையது ஒன்றுதான். அந்த விசாரணைக்கென்றே அமைந்த மூவர் குழுவின் செயலாளர் அடியேன்.

மூன்றாம் மாடியில் இருக்கும் நாங்கள், ஐந்தாம் மாடியில் இருக்கும் மேலாளருக்கு எதையும் எழுத்தில்தான் சொல்லவேண்டும். அதுவும் ஆங்கிலத்தில். ஒருமுறை தலைமை எழுத்தரின் கடிதத்தில் ஒரு 'டு' இடம் தவறி உட்கார்ந்துவிட்டது. மேலாளர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். சிரிக்காதவர் தலைமை எழுத்தர் மட்டும்தான். மறுநாளே குழு அமைந்தது: அவர், டைப்பிஸ்ட் அக்கா, நான்.

எங்கள் லிஃப்ட்காரர் வேறு யாருமில்லை, என் தங்கை வீட்டுக்காரர். நானே சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டவர். ஒரு திங்கட்கிழமை காலை, உள்ளங்கையில் இரண்டு இரும்பு இழைகளோடு என் மேசைக்கு வந்தார்.

“லிஃப்ட் ரோப் பிரியுது மச்சான். கூண்டு மேல ஏறிப் பாத்தேன். நிறுத்திடட்டுமா?”

எழுத்து உத்தரவு இல்லாமல் நிறுத்தினால் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார்.

“கவலைய விடுங்க மாப்ள. லெட்டர் போட்டுடறேன்” என்றேன்.

அன்று மதியமே குழு கூடியது. ரோப்பை மாற்றவேண்டிய அவசியத்தை எழுதவேண்டும். அவசியத்துக்கு ஆங்கிலத்தில் 'நெசஸிட்டி'. அதுவரை சுமுகமாகப் போயிற்று. அதற்குப் பின்னால் என்ன? தலைமை எழுத்தர் 'ஆஃப்' என்றார். டைப்பிஸ்ட் அக்கா 'ஃபார்' என்றார். அகராதியைத் திறந்தால் இரண்டுமே இருந்தன. அகராதியின் பொறுப்பற்ற போக்கைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்தோம்.

தலைமை எழுத்தர் தம் சம்பந்தியிடம் அபிப்பிராயம் கேட்டு வந்தார். சம்பந்தி 'டு' என்றாராம். கட்சி மூன்றாயிற்று. 'ரோப் அறுகிறது' என்று மட்டும் எழுதினால் என்ன என்று கேட்டேன். ஒரு செயலாளர் இப்படி மொட்டையாகப் பேசலாமா என்று இருவரும் வருத்தப்பட்டார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது.

மாப்பிள்ளை தினமும் புதிய இழைகளைக் கொண்டுவந்து என் பேனாக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போவார். வெளியாட்கள் யாராவது லிஃப்டுக்கு வந்து நின்றால், நைசாகப் படியைக் காட்டி அனுப்பிவிடுவாராம். எட்டாம் நாள் தலைமை எழுத்தர் அந்த இழைகளில் நீளமான ஒன்றை உருவி, குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கட்டி வைத்தார். நல்ல கெட்டியான கம்பி என்று பாராட்டவும் செய்தார்.

பதினோராம் நாள் 'ஃபார்' வென்றது. டைப்பிஸ்ட் அக்கா அடித்துக் கொடுத்த கடிதத்தை மூன்று முறை வாசித்தோம். கண் பட்டுவிடும் போலிருந்தது. உறையில் போடும்போது கட்டடமே அதிர்ந்தது. கூண்டு அடித்தளத்தில் கிடந்தது. உள்ளே மாப்பிள்ளையும் நாலு கோப்பு மூட்டைகளும்.

இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையைப் பார்த்தேன். நான் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை என்று அவளுக்குப் புரியவேண்டாமா? கையோடு கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். முந்தின நாள் மாலையே மேலே போய்த் திரும்பியிருந்த அதன் ஓரத்தில் மேலாளர் தம் கைப்பட 'குட்' என்று எழுதியிருந்தார். அவள் வாங்கிப் பார்க்கவில்லை.

“மேனேஜருக்கு இது முன்னாடி தெரியவே தெரியாதாண்ணே?”

கடிதம் போகாமல் எப்படித் தெரியும் என்றேன். ஆனால் எங்கள் தலைமை எழுத்தர் முன்யோசனைக்காரர். கொஞ்ச நாளைக்குப் படியேறிப் போனால் உடம்புக்கு நல்லது சார் என்று மூன்றாம் நாளே மேலாளர் காதில் போட்டுவிட்டார், அவரும் தட்டாமல் படியேறினார் என்பதையும் சொன்னேன்.

“அத வாயாலதான சொன்னாரு? தமிழ்ல?”

“ஆமா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ இத்தன நாளா மேல கீழ எதுல போனே?”

ஒரே ஒரு சொல்லுக்காகப் பதினொரு நாள் உட்கார்ந்து தேடியவன் நான். இதற்குச் சொல்லவேண்டிய சொல் தேடாமலே கிடைத்தது. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி லிஃப்டைத் தாண்டிப் படியில் இறங்கினேன்.