மூன்று விநாடி பொறு

ரூலன் தேடிக்கொண்டிருந்தது ஒரு வரியை. ஒரே ஒரு வரி போதும் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு," என்று விரலைத் தூக்கிக் காட்டினார் ப்ராக்பேங்க். "நம்ம வரி அவங்ககிட்ட இருக்கணும். அவ்வளவுதான். எத்தனை நாள் ஆகும்?"

"அவங்களோடது மொத்தம் எத்தனை வரி சார்?"

"ஐம்பது லட்சம்."

"அதுல எது நம்மளோடதுன்னு..."

"அது தெரிஞ்சா உன்னை எதுக்குய்யா கேக்கறேன்? கேஸ் போட்டு மூணு வாரம் ஆச்சு. சீக்கிரம் தேடு."

எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்ட மென்பொருள் அது. அதற்குள் தன் சொத்து ஒளிந்திருப்பதாக ப்ராக்பேங்க் சிஸ்டம்ஸ் வழக்குத் தொடுத்திருந்தது. எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியில் தொண்ணூறு பேர் மென்பொருள் எழுதினார்கள். இப்போது வக்கீல்கள் பதினோரு பேர், எழுதுபவன் ஒருவன். அந்த ஒருவனும் போன வசந்தத்தில் சேர்ந்தவன்.

அது ஜனவரி. மூடுபனி யூட்டா பள்ளத்தாக்கில் இறங்கி ஒன்பது நாளாகியும் எழுந்து போகவில்லை. மலைகள் காணாமல் போயிருந்தன. ஜன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பங்கள் தண்ணீருக்கு அடியில் நிற்பவை போல நின்றன. ரூலன் திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று தெரியாமல் போய்விடும். வரிகள் பனிக்குள் நடந்து போகும். பனி வரிவரியாகத் திரையில் இறங்கும்.

கம்பெனியின் சொந்த எழுத்தெல்லாம் பின்கட்டு அறையில் ஒரு கணினிப் பெட்டிக்குள் இருந்தது. கிறிஸ்துமஸ் மரத்துக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டி முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ரூலனின் மேசைக்கு வந்தது. அறைச் சாவி நெட்ராவிடம்.

நெட்ரா வரவேற்பில் இருப்பவர். வயது அறுபத்து மூன்று. ஸ்டீல் மில் மூடும்வரை அதன் கணினி அறையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். தொண்ணூறு பேரும் போனபிறகு தொலைபேசி, செடிகள், அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய், மாட்டிக்கொண்ட காகிதம் எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தன. மிச்ச நேரத்தில் பின்னல் போடுவார்.

"என் பாத்திரம் எப்படி இருக்கு தம்பி?" என்றார் நெட்ரா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லா இருக்கு சிஸ்டர்," என்றான் ரூலன், சர்ச் வழக்கப்படி.

அது ஒரு கண்ணாடிப் பாத்திரம். ரூலனின் மனைவி மார்லாவுக்கு இது ஐந்தாவது கர்ப்பம். மசக்கையில் சுருண்டு படுத்திருந்தபோது நெட்ரா அது நிறையச் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு அனுப்பியிருந்தார். கிழங்கு ஒரே நாளில் தீர்ந்தது. பாத்திரம் மூன்று மாதமாகக் காரின் பின்சீட்டில் கிடந்தது.

"குடுத்துடட்டுமா?" என்று அன்றைக்கும் வீட்டில் கேட்டான்.

"வெறும் பாத்திரத்தையா?" மார்லா சோபாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்கம்மா கேட்டா என்னைத் தொலைச்சுடுவாங்க. ஏதாவது பண்ணிப் போட்டுக் குடுக்கணும்."

"என்ன பண்றது?"

"அடுப்புப் பேச்சே எடுக்காத. வாந்தி வருது."

பாத்திரம் பின்சீட்டிலேயே இருந்தது.

நான்காம் நாள் ரூலனுக்கு ஒன்று கிடைத்தது. ஒரு வரி அல்ல, முப்பது வரி. பெட்டியிலும் அதேதான், இலவசத்திலும் அதேதான். புள்ளி, இடைவெளி எதுவும் மாறவில்லை.

ப்ராக்பேங்க் அவனைக் கட்டிப்பிடித்தார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு முப்பது வரியையும் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

மறுநாள் காலை நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு படகுக்காரர் புகைப்படம் அனுப்பினார். ஆஸ்பத்திரிக் கட்டில். மாவுக்கட்டுப் போட்ட கால். மாவுக்கட்டின் மேல் பேனாவால் முப்பது வரி. 'காகிதம் கிடைக்கவில்லை, இதில் எழுதினேன். கட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமா?'

"இப்படி அப்பட்டமா காட்டினது தப்பு," என்றார் ப்ராக்பேங்க். "அடுத்ததை மறைச்சுக் காட்டுவோம்."

"மறைச்சா எப்படி சார் காட்டறது?"

"அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

ரூலன் இன்னொரு பக்கத்தை எடுத்து எழுத்து முழுவதையும் கறுப்புப் பட்டைகளால் மூடினான். பட்டைகளின் நீளம் மட்டும் தெரிந்தது. நாற்பது நிமிடத்தில் மொன்டானாவில் வானிலை பார்க்கும் ஒரு பெண் எழுதினாள்: 'இது என்னுடைய படிக்கட்டு. உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்தாலே தெரிகிறது.' மலை விளிம்பைப் பார்த்து ஊர்ப்பெயர் சொல்பவர்கள் உண்டு. அப்படித்தான் இதுவும் என்று ரூலன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது முறை ப்ராக்பேங்க் எதையுமே காட்டவில்லை. 'இருநூற்றுப் பதினேழு வரிகள் திருடப்பட்டுள்ளன' என்று எண்ணிக்கையை மட்டும் அறிவித்தார். மத்தியானத்துக்குள் இரண்டு பேர், அது தங்களுடையது என்று ஆதாரத்தோடு வந்தார்கள். அண்ணன் தம்பிகளாம்.

அதற்குப் பிறகு ஊரே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், "பிரதர் ரூலன், இந்தக் கோட்டுல ஒரு பொத்தான் உங்களோடதா பாருங்க," என்றார்கள். பல் மருத்துவர் அவன் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டு சொன்னார்:

"இதுல ஒரு பல்லு என்னோடது பிரதர். எதுன்னு சொல்ல மாட்டேன். முதல்ல வாடகையைக் குடுங்க."

ரூலன் வாயைத் திறந்தபடியே சிரித்தான். சிரிக்காவிட்டால் குத்தும்.

ப்ராக்பேங்க் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 'வழக்கைப் பற்றி நீதிபதியே கேட்டாலொழிய எவரும், எவரிடமும், எதுவும் பேசக் கூடாது.' அதைத் தட்டச்சு செய்தவர் நெட்ரா. தட்டச்சு செய்து முடித்துவிட்டு அவர் முதலாளியின் அறைக்குப் போனார்.

"அய்யா, அந்தப் பெட்டியைப் பத்தி ஒண்ணு..."

"நீங்க அடிச்ச தாளை நீங்களே படிக்கலையா நெட்ரா?"

நெட்ரா திரும்பி வந்து பின்னலை எடுத்துக்கொண்டார்.

"யாருமே உரிமை கொண்டாடாத வரியா பாரு," என்றார் ப்ராக்பேங்க் ரூலனிடம். "அனாதை வரி."

அது பன்னிரண்டாம் நாள் கிடைத்தது. மற்ற வரிகளிலிருந்து சற்று ஒதுங்கி, தனியாக நின்றுகொண்டிருந்தது. இயந்திரம் விழிக்கும்போது ஓரிடத்தில் ஒன்றுமே செய்யாமல் காத்திருக்கும்படி ஒரு கட்டளை. அதன் பக்கத்தில், மனிதர்கள் படிப்பதற்காக ஒரு குறிப்பு:

'வெளியே பனி. பாவம், மூன்று விநாடி பொறு.'

ரூலன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மாதமாக அந்தக் கம்பெனியில் யாரும் அவனிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. அவனும் மூன்று விநாடி பொறுத்தான். பிறகு இலவசத்தில் தேடினான். அங்கேயும் இருந்தது, அதே பாவம், அதே பனி.

ப்ராக்பேங்க் அந்த வரியை வெளியிட்டார். உலகம் தேடியது. படகுக்காரர் தேடினார், வானிலைப் பெண் தேடினாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். ஒருவரும் உரிமை கோரவில்லை. பத்தாம் நாள் இலவசக்காரர்களே நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள்: அந்த வரி இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவர்களுக்கு வந்தது, பெயரில்லாமல். வந்த இடம் ப்ராக்பேங்க் சிஸ்டம்ஸ் கட்டிடம்.

"திருடன் உள்ளேயே இருந்திருக்கான்!" ப்ராக்பேங்க் மேசையில் ஏறாத குறை. "பாத்தியா? நான் சொன்னப்ப சிரிச்சாங்களே!"

ஊரில் சிரிப்பு நின்றுபோனது. பல் மருத்துவர் வீட்டுக்கே வந்து, "மன்னிச்சுக்குங்க பிரதர், பல்லு எல்லாம் உங்களோடதுதான்," என்றார்.

ரூலனுக்குத்தான் நிம்மதி போனது. நீதிபதி பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். 'இந்தப் பெட்டியில் உள்ளதெல்லாம் எங்கள் கம்பெனியில் எழுதியது. பனி வரி எங்களிடமிருந்து திருடப்பட்டது' என்று ரூலன் நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை. மார்ச்சில் குழந்தை.

"அதை யார் எழுதினாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் மார்லா.

"தெரியாது."

"திருடினாங்களா?"

"தெரியாது. அந்த வரியைப் பாத்தா திருடற ஆள் மாதிரி இல்ல."

"தெரியாததைத் தெரியும்னு சத்தியம் பண்ணப் போறியா?"

"மார்ச்ல குழந்தை வருதே மார்லா."

"அது பாட்டுக்கு வரும். கேஸ் ஜெயிச்சாலும் வரும், தோத்தாலும் வரும்." அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நீ முதல்ல அந்தப் பாத்திரத்தைக் குடு. நாளைக்கு அந்தம்மாவும் கோர்ட்டுக்கு வராங்கல்ல? மூணு மாசமாச்சு, வெக்கமா இருக்கு."

ரூலன் விடியற்காலையில் எழுந்து, சமையலறைக் கதவின் இடுக்கில் துணி அடைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக எலுமிச்சை பிஸ்கட் செய்தான். ஓரம் கருகியிருந்தது. நடுவில் வேகவில்லை. ஆனால் பாத்திரம் காலியாக இல்லை.

சால்ட் லேக் நீதிமன்றத்தில் காவலர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதுவும் சாட்சியா?"

"இல்லீங்க. இது பிஸ்கட்."

"அப்படியா," என்றார் காவலர், நம்பாமல்.

ரூலன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே பனி லேசாகக் கரைந்து, ஒரு மலையின் தலை மட்டும் ஆகாயத்தில் மிதந்தது. முன்னால் ஒரு மேசையில் பெட்டி. இங்கே அதன் முனகல் இல்லை. தூங்குவது போலிருந்தது. இரண்டாவது சாட்சி அவன். எழுந்து நின்று என்ன சொல்வது என்று இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. வலக்கையைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. பாத்திரத்தை எங்கே வைப்பது?

முதலில் சாவிக்காரரைக் கூப்பிட்டார்கள். ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். நெட்ரா பின்னலைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்ச் சத்தியம் செய்துகொண்டார்.

"அறைச் சாவி எப்பவும் உங்ககிட்டதான் இருந்ததா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"என்கிட்டதான்."

"இந்தப் பெட்டியில இருக்கறது உங்க கம்பெனி எழுதினதுதானே?" வக்கீல் அடுத்த தாளைப் புரட்டியபடியே கேட்டார்.

நெட்ரா நீதிபதியைப் பார்த்தார்.

"நீதிபதி கேட்டாத்தான் பேசணும்னு எங்களுக்குச் சுற்றறிக்கைங்க அம்மா. நானே அடிச்சது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நான் கேக்கறேன். சொல்லுங்க."

"கம்பெனி எழுதினது இருந்த பெட்டி ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி குழாய் வெடிச்சு நனைஞ்சு செத்துப்போச்சுங்க. சொல்லலாம்னு போனேன். அய்யா அன்னிக்குத்தான் தொண்ணூறு பேரையும் வேலையைவிட்டு அனுப்பிட்டிருந்தார், பாவம். தொந்தரவு பண்ண மனசு வரலை. இலவசமா யாரோ குடுக்கறாங்கன்னாங்க. ஒரு புதுப் பெட்டியில அந்த இலவச மென்பொருளை வாங்கிப் போட்டேன். இதுல இருக்கறது முழுக்க அவங்களோடதுதான், ரெண்டு வருஷம் பழசு."

நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ப்ராக்பேங்க் எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் மறந்துபோய், அப்படியே நின்றார்.

"அப்ப அந்தப் பனி வரி?" என்றார் நீதிபதி.

"அது மட்டும் நான் எழுதினது. குளிர்ல காலையில பெட்டி எழுந்திருக்கவே மாட்டேன்னுச்சு. மூணு விநாடி விட்டுப் பிடிச்சா எழுந்துக்குச்சு."

"அதை எதுக்கு அவங்களுக்கு அனுப்பினீங்க?"

நெட்ராவுக்கு அந்தக் கேள்வியே புரியாதது போலிருந்தது. நீதிபதியைப் பார்த்தார். பிறகு ரூலனின் மடியில் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"வாங்கின பாத்திரத்தை வெறுமனே எப்படிங்க திருப்பிக் குடுக்கறது?"