எலுமிச்சை விழுந்த கிம்ச்சியும் என் சமாதானப் பாட்டும்

யோசு,
டிசம்பர்

நடுக்கடலில் கப்பல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தும் என் மருமகன் கியுசிக்குக்கு, உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், நம் வீட்டுக் கிம்ச்சி நீங்கலாக. இனி நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். திமிங்கலம்கூடச் சிரித்துவிட்டுப் போகும். ஆனாலும் கொரிய மலைகள் சாட்சியாக எழுதுகிறேன்.

குளிர்காலக் கிம்ச்சிக்கென்று உன் அம்மா மலையளவு முட்டைக்கோஸுக்கு மிளகாய் விழுது பூசிக்கொண்டிருந்தாள். உன் மனைவி லியென், உதவி செய்கிறேன் என்று, தன் வியட்நாம் வழக்கப்படி அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டாள். தானாகப் புளிக்க வேண்டியதை ஒரு நொடியில் புளிக்கவைத்த பெண்ணை உன் அம்மா பார்த்த பார்வையில் துறைமுகத்துப் படகுகள் கவிழ்ந்தன. அன்றோடு பேச்சு நின்றது. சூட்டுக்காகத் தரைக்கடியில் வெந்நீர் ஓடியும் வீடு உறைந்துபோய், நான் சறுக்கிக்கொண்டேதான் சாப்பிடப் போவேன். ஒருநாள் லியென் வந்து, "மாமா, ஊருக்கு டிக்கெட் எடுத்துக் குடுங்க. இங்க நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றாள்.

உடனே உலக சமாதானத்தை நானே கையில் எடுத்தேன். எங்கள் பேட்டைப் பாட்டுக்குழு காகோக் மாலைக் கச்சேரி ஒன்று நடத்தவிருந்தது. உனக்குத் தெரியாததா, பியானோ பக்கத்தில் கைகளைக் கோத்து அசையாமல் நின்று கவிதையை உருகிப் பாடுவது. நான் அதில் அடிக்குரல். மாமியார் மருமகள் இருவர் பெயரையும் ஒரு பாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஊரைப் பிரிந்தவள் அக்கரை மலையைப் பார்த்துப் பாடும் பாட்டு.

"டேய், என் மானத்த வாங்கவே பொறந்தியாடா?" என்றாள் உன் அம்மா. ஆனால் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டதே, பயிற்சிக்கு உட்கார்ந்தாள். லியென் வாய்க்குள்ளேயே முணுமுணுக்க, அக்காவின் மௌன விரதம் முறிந்தது.

"வாயத் தொறந்து பாடுடி! மலைக்குக் கேக்க வேணாமா?"

"அந்த மலை யாரோடது, அத்தை?"

"ஊருக்குப் போக முடியாதவளோடது."

"அப்ப என்னோடதுதான்."

உன் அம்மா பாட்டுத் தாளைக் கீழே வைத்தாள். பிறகு, "நானும் தீவுலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவதான். வந்த வருஷம் பூரா குளியலறைல தண்ணியத் தொறந்துவிட்டு அழுவேன்" என்றாள்.

"நானும் அங்கதான் அழறேன், அத்தை."

"தெரியும். தண்ணி பில் வந்துச்சுல்ல."

அப்புறம் மேடை. நான் எடுத்துக் கொடுத்த சுருதி நிலாவை இடித்தது. "மாமா, நீங்க உக்காருங்க" என்று மருமகளும், "இவன யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று மாமியாரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அதுவே பாதி சமாதானம். அவர்கள் பாடப் பாடக் கூட்டம் அழுததில் கடல் ஒரு முழம் ஏறியது. போனில் கேட்ட உன் மாமியார் வியட்நாமிலிருந்தே பதிலுக்குப் பாட, மேகாங் நதி திரும்பி ஓடியது. கொரியா ஒன்றாகிவிட்டதென்று எல்லைக் காவலர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்களாம்.

அலை தணிந்து, எஞ்சின் சூடேறாமல், நீ உடம்பு நோகாமல் கரை சேர வாழ்த்தும்,

அடிக்குரல் வேந்தன்,
உன் மாமன் பாங் தோக்சு

பி.கு.: அந்தக் கச்சேரி நடக்கவேயில்லை, பியானோ வாசிப்பவருக்குக் காய்ச்சல். படகு, நிலா, காவலர் எல்லாம் என் கைச்சரக்கு. பயிற்சியில் பேசியதும் கதவுக்கு வெளியே நின்று பாதி கேட்டு, மீதியை நானே நிரப்பியது. போன் மட்டும் நிஜம். நேற்று உன் அம்மா லியெனிடம், "உங்கம்மாவுக்குப் போன் போடு" என்றாள். திரையில் சம்பந்தியம்மாள் வந்ததும், பேச மொழியில்லாமல், கைகளைக் கோத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினாள். அந்த அம்மாளும் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். ஒருவர் பாடியது மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை; இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்று காலை லியென் மறுபடியும் என்னிடம் வந்தாள். "மாமா, டிக்கெட் ரெண்டா எடுங்க, அத்தையும் வராங்களாம். திரும்பி வர்றதுக்கும் சேத்து எடுங்க."